கடல் பக்கம் இறங்கியவன்

சூளூர்பேட்டை
18-8-2024

அன்புள்ள மங்கைக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒருபோதும் எழுதமாட்டாய், நல்லபடியாக இருப்பதாக நானே நினைத்துக்கொள்கிறேன். முக்கால் பக்கம் என்னைத் திட்டிவிட்டு, போகிற போக்கில் சொல்வதுபோல நம் ஹரிதாவுக்கு இடம் முடிவான விஷயத்தை அடியில் எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளை பேர் சுதீர், புத்தூர்க்காரர்கள், ரேணிகுண்டாவில் ஒர்க்‌ஷாப் வேலை, தைக் கடைசியில் கல்யாணம். அந்த நாலு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஐஸ் கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார்கள். சும்மா என்றேன். பெற்ற பெண்ணுக்குக் கல்யாணம் என்று வாய்விட்டுச் சொல்ல எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

மங்கை, கல்யாணத்துக்கு நான் வருகிறேன்.

கடிதத்தைக் கசக்காமல் மேலே படி. பதினாலு வருஷத்துக்கு முன்னால் அன்றைக்கு உன் அண்ணன் சிட்டிபாபு பந்தியில் நாலு பேர் எதிரில் என்னை, பொண்டாட்டி வீட்டுச் சோறு துன்றவன் என்றான். பாதிச் சோற்றில் எழுந்து ஈச்சமலை ஏறினேன். உச்சியில் காற்றாட உட்கார்ந்தால் கோபம் ஆறும், இருட்டுவதற்குள் இறங்கிவிடலாம் என்றுதான் ஏறினேன். ஆறவில்லை. கடல் பக்கமாக இறங்கி, லாரி ஏறி, நெல்லூர் போய்ச் சேர்ந்தேன்.

நான் நட்டுவிட்டு ஏறிய ஆள்கல் உங்கள் பக்கம் நின்றுவிட்டது. ஏறுகிறவன் அடிவாரத்தில் ஒரு கல்லை நட வேண்டுமாம், இறங்கியதும் அவனே அதைப் பிடுங்கி எறிய வேண்டுமாம், வேறு யாரும் பிடுங்கக்கூடாதாம், கல் நின்றால் ஆள் மலையில் இருக்கிறானாம். நம் ஊரில் இந்தக் கணக்கை எவன் கண்டுபிடித்தானோ. மறுபக்கம் என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது போலிருக்கிறது. என் ரோஷம் அடங்கி உனக்கு முதல் கடிதம் போடுவதற்குள் ஊர் கூடி அந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசி விளக்கும் வைத்துவிட்டது.

நெல்லூரை விட்டு இந்த ஏரிக்கரைக்கு வந்ததே அந்த மலைக்காகத்தான். கம்பெனி வாசலில் நின்றால் தெரிகிறது. உனக்கு அதன் முகம், எனக்கு முதுகு.

போனில் பேசலாம் என்றால் உன் போன் எப்போதும் ஹரிதா கையில். அதனால் பதில் எழுது. உறைமேல் வழக்கம்போல அனுப்புநர் பச்சையம்மாள் என்றே போட்டிருக்கிறேன்.

உன்
செங்கல்வராயன்


கீழ்ப்பட்டு
சத்தியவேடு மண்டலம்
27-8-2024

ஹரிதா நைனாவுக்கு,

கடிதம் அங்கன்வாடிக்கு வந்து சேர்ந்தது. பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக்கொண்டே படித்தேன். படித்ததும் அடுப்பில் போட்டேன்.

வருகிறேன் என்று எழுத உங்களுக்குக் கை எப்படி வந்தது? யாராக வருவீர்கள்? இங்கே உங்களுக்கு இடம் இல்லை என்று சொல்லவில்லை. ஏற்கெனவே ஒருவர் உங்கள் இடத்தில் இருக்கிறார். அவரை ஊரே மலை நைனா என்று கூப்பிடுகிறது. மாடு மேய்க்கிற முனியப்பனுக்குக் காணாமல் போன கன்றுக்குட்டியைக் காட்டிக்கொடுத்தார். பொன்னியம்மாள் மகளுக்கு வயிறு திறந்து பிள்ளை கொடுத்தார். ராத்திரியெல்லாம் மலை சுற்றுவதால் அவருக்குச் செருப்பு தேய்ந்துபோகிறதாம். திருப்பதியில் பெருமாளுக்குச் செருப்பு செய்துவைக்கிறார்கள் இல்லையா, அதைப் பார்த்து இங்கேயும் வேண்டிக்கொண்டவர்கள் புதுச் செருப்பு கொண்டுவந்து வைக்கிறார்கள். முனியப்பன் அதை உச்சி மரத்தில் கட்டிவிட்டு வருகிறான். பீடிக்கட்டும் வைக்கிறார்கள்.

என் அண்ணனைப் பார்த்தால் உங்களுக்கே அடையாளம் தெரியாது. ஒரு வார்த்தையால் உங்களை மலையேற்றிவிட்டோம் என்று அவர் மனசில் ஊறிவிட்டது. அதற்குப் பிறகு வீட்டில் குரலை உயர்த்தியதே இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் கொண்டுபோகிறவர் அவர்தான்.

மாப்பிள்ளை வீட்டார் வந்ததும் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "இது மலை நைனா பொண்ணு தானே?" என்றுதான். சுதீரின் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஓடிப்போனவன் பெண் என்று தெரிந்திருந்தால் அந்த அம்மாள் காபியைக்கூடத் தொட்டிருக்கமாட்டாள். உங்கள் முதல் கடிதம் வந்தபோதே நான் ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னை விட்டுப்போன ஒரு புருஷனைவிட, மலையில் இருக்கிற ஒரு புருஷன் எனக்கும் என் பெண்ணுக்கும் கௌரவமாக இருந்தான். இதை எழுதக் கூச்சமாக இல்லை.

ஹரிதா சின்ன வயதில் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்பாள்: "அம்மா, நைனா நெஜமாவே மலைலதான் கீறாரா, இல்ல நம்மள வுட்டுட்டுப் போய்ட்டாரா?" மலையில்தான் என்பேன். இப்போதும் எப்போதாவது கேட்கிறாள். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்க்கிறாள். அவள் நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த முள்ளோடு அவளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பவேண்டுமே என்றுதான் என் கவலை. நீங்கள் கிளம்பி வந்து நின்றால் முள்ளை ஆழமாக அழுத்துவதுபோல் ஆகும்.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். கல்லுக்கு விளக்கேற்றும்போது என் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல இருக்கிறது. திரும்பிப் பார்க்க மாட்டேன். நீங்கள் சூளூர்பேட்டையில் ஐஸ் உடைத்துக்கொண்டிருப்பது இந்த ஊரில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அப்படியானால் அங்கே நிற்பது யார்?

வரவேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐஸில் வெறும் கையை வைக்காதீர்கள்.

அலர்மேல்மங்கை


சூளூர்பேட்டை
6-10-2024

மங்கை,

பதில் எழுதக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். முடியவில்லை.

நான் பீடி பிடித்ததே இல்லை. அது உனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கலாம். எவனுக்கோ பீடி வைத்து, என் பேரைச் சொல்லிக் கும்பிடுகிறீர்கள். கன்றுக்குட்டி தேடிக் கொடுக்கிறானாம், பிள்ளை வரம் கொடுக்கிறானாம். பத்து வருஷம் குடும்பம் நடத்தி நான் உனக்கு வாங்கித் தராத நல்ல பேரை அந்தக் கல் வாங்கித் தருகிறது. பொறாமையாக இருக்கிறது என்று சொன்னால் சிரிப்பாய். சிரித்துக்கொள்.

போன வாரம் நடந்ததைக் கேள். எனக்கு முட்டி வலி. கூட வேலை செய்கிற வரதராஜன், நல்ல மனுஷன், பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறான்: "அண்ணே, அந்த மலைக்கு அந்தாண்ட பக்கம் மலை நைனான்னு ஒரு சாமி கீதாம். செருப்பு வெச்சா கால் வலி போய்டுமாம். வாயேன், ரெண்டு பேரும் பஸ் ஏறிப் போய் வேண்டிக்கினு வரலாம்." வலி விட்டுவிட்டது என்று சொல்லி எழுந்துபோய்விட்டேன். அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை. கண்ணாடி பார்த்தேன். தாடியும் நரையுமாக ஒரு ஆள் இருந்தான். இவன் யார் என்று யாராவது கேட்டால் சாட்சி சொல்ல நீ ஒருத்திதான் இருக்கிறாய், நீயும் வராதே என்கிறாய்.

நான் கல்யாணப் பந்தலுக்கு வரவில்லை. தாலி எடுத்துக் கொடுக்கவில்லை. யார் கண்ணிலும் படமாட்டேன். அவளை ஒருமுறை பார்க்கவேண்டும். விட்டுவிட்டுப் போனபோது ரெட்டைச் சடையோடு இருந்த பெண், கல்யாணப் பெண்ணாக எப்படி இருக்கிறாள் என்று எனக்குத் தெரியவேண்டாமா? எங்கே நிற்கச் சொல்கிறாயோ அங்கே நிற்கிறேன். இதற்கும் மாட்டேன் என்றால் நான் நேராக வாசலுக்கே வந்துவிடுவேன், என்னை நம்பாதே.

செங்கல்வராயன்


கீழ்ப்பட்டு
4-1-2025

ஹரிதா நைனாவுக்கு,

வாசலுக்கு வருவேன் என்று மிரட்டிவிட்டீர்கள். உங்களால் முடியும் என்று தெரிந்ததால் மூன்று மாதம் யோசித்து இதை எழுதுகிறேன். மிரட்டலுக்காக மட்டும் இல்லை. ரெட்டைச் சடை என்று எழுதியிருந்தீர்கள், அதைப் படித்துவிட்டு அழுதேன்.

நம் ஊர் வழக்கம் உங்களுக்கு மறந்திருக்காது. மலையேறினவர் திரும்பாத வீட்டில் கல்யாணம் என்றால் முதல் பத்திரிகையை ஆள்கல்லுக்கு வைக்கவேண்டும். சொந்தத்தில் நெருங்கினவர் மலையைப் பார்த்து மூன்று தடவை கூப்பிடவேண்டும். கூப்பிட்டுவிட்டு, தேங்காய் உடைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடவேண்டும். 19-ம் தேதி ஞாயிறு, வெயில் தாழ்ந்ததும் போகிறோம். ஹரிதாதான் கூப்பிடுவாள். இரண்டு வீட்டு ஆட்களும் இருப்பார்கள்.

நீங்கள் அந்தப் பக்கமாக ஏறி, இந்தப் பக்கம் ஆந்தைப் பாறை வரைக்கும் இறங்கி, அதற்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளுங்கள். அங்கிருந்து கல்லடி நன்றாகத் தெரியும். அவள் அரக்குச் சிவப்பில் பட்டுப்புடவை கட்டியிருப்பாள். பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று. அவள் நைனா என்று கூப்பிடுவாள். எவ்வளவு கூப்பிட்டாலும் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. அவள்மேல் சத்தியம். மூச்சுக்கூடக் கேட்கக் கூடாது. பதில் வராது என்று எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அப்படியே முடிந்துபோகட்டும்.

முட்டிக்குத் துணி சுற்றிக்கொண்டு ஏறுங்கள். கடல் பக்கம் வழியே கிடையாது என்று முனியப்பன் சொல்லிக்கொண்டிருந்தான். தண்ணீர் எடுத்துப்போங்கள்.

அலர்மேல்மங்கை


சூளூர்பேட்டை
21-1-2025

அன்புள்ள மங்கைக்கு,

ஈச்சம்புதர் கிழித்த கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

விடிந்ததும் கிளம்பினேன். உப்புத் தரை தாண்டும் வரைக்கும் நடை சுலபம். சீமைக்கருவேலங்காடு முடிந்ததும் மலை திடீரென்று எழும்பி நிற்கிறது. முனியப்பன் சொன்னது சரி, வழியே கிடையாது. ஆடு ஏறின தடம் கொஞ்ச தூரம், பிறகு அதுவும் இல்லை. ஈச்சம்புதரைப் பிடித்தால் கையைக் கிழிக்கிறது, பிடிக்காவிட்டால் கால் சறுக்குகிறது. பாறை அடுப்பில் வைத்த கொப்பரை மாதிரி சுட்டது. பாதி மலையில் திரும்பிப் பார்த்தேன். ஏரி விரிந்து கிடந்தது, பூநாரைகள் ஒரு ஓரமாக வெளுத்துத் தெரிந்தன, அதற்கப்பால் ராக்கெட் விடுகிற கோபுரம், அதற்கும் அப்பால் கடல். அந்தக் கோபத்தில் இறங்கி ஓடின அன்றைக்கு இதில் எதையும் நான் பார்க்கவே இல்லை. கண் மண் தெரியாமல் போயிருக்கிறேன்.

இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அது வெறும் மலை. கல் நடுவதில்லை, கணக்கு வைப்பதில்லை. நான் ஏறுவது ஒரு உயிருக்கும் தெரியாது என்ற நினைப்பு வந்ததும் முதன்முதலாகப் பயந்தேன். அதோடு இன்னொன்று. எனக்கு மேலே யாரோ ஏறிக்கொண்டிருந்தார்கள். சரளைக்கல் உருண்டு வந்தது. நான் நின்றால் நிற்கிறது, நடந்தால் மறுபடி உருள்கிறது. "யாருப்பா அது?" என்று சத்தம் போட்டேன். காற்றுதான் வந்தது. காட்டு ஆடாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். நீ முதுகுக்குப் பின்னால் என்று எழுதியிருந்தாய். எனக்கு அவன் முன்னால் போனான்.

உச்சிக்குச் சற்றுக் கீழே என் செருப்பின் வார் அறுந்துவிட்டது. வெறுங்காலில் முள் மிதித்து உச்சிக்குப் போனால், மரத்தில் புதுச் செருப்புகள் கொத்தாகத் தொங்குகின்றன. எனக்காக வைத்தவை. ஒரு ஜோடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டேன். அளவு சரியாக இருந்தது. அறுந்ததை அங்கேயே மரத்தடியில் விட்டேன். பக்கத்தில் ஒரு தட்டைப் பாறை, அதைச் சுற்றிப் புல் நசுங்கி, பீடித் துண்டுகள் கிடந்தன. தினமும் யாரோ உட்காருகிற இடம். முனியப்பனாகத்தான் இருக்கும். இருந்தாலும் கால் கெஞ்சிய நிலையிலும் எனக்கு அதில் உட்கார மனம் வரவில்லை. அவன் இடம் என்று தோன்றியது. தள்ளி வெயிலில் உட்கார்ந்தேன்.

பிறகு ஆந்தைப் பாறை. நீங்கள் வந்தீர்கள். உன் அண்ணன் கூன் போட்டு நடக்கிறார். நீ இளைத்திருக்கிறாய். அவளைப் பார்த்தேன். என் அம்மாவின் நடை, உன் நெற்றி. பத்திரிகையைக் கல்லடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து மலையைப் பார்த்தாள். நான் இருக்கிற திசையை நேராகப் பார்த்தாள்.

முதல் தடவை நைனா என்றாள், ஊருக்காகக் கூப்பிடுவதுபோல இருந்தது. தாங்கிக்கொண்டேன். இரண்டாவது தடவை குரல் உடைந்தது. துண்டை வாயில் அடைத்துக்கொண்டேன். உன்மேல் ஆணை, அடைத்துக்கொண்டேன். மூன்றாவது தடவை அவள் பெரிய பெண்ணாகக் கூப்பிடவில்லை மங்கை. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாசலில் இருந்தே கூப்பிடுவாளே, அந்தக் குரல். நான் யோசிக்கவே இல்லை. அப்போது சொல்வதுபோலவே சொல்லிவிட்டேன். "இன்னாம்மா?"

சொன்ன பிறகு இனி ஒளிந்து என்ன என்று எழுந்து இறங்கினேன். முள்ளும் பாறையும் தாண்டி அடிவாரம் வந்து சேர நேரமாகிவிட்டது. ஒருவரும் இல்லை. கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. உடைக்காத தேங்காய் உருண்டு கிடந்தது. யாரோ ஒரு செருப்பைவிட்டு ஓடியிருக்கிறார்கள்.

என் கல்லை நானே பிடுங்கி எறிந்துவிட்டு அப்படியே ஊருக்குள் நடந்து வரலாம் என்று குனிந்தேன். அதுதானே நம் கணக்கு. கல் அசையவில்லை. சுற்றிலும் சிமெண்ட் போட்டுப் பூசிவைத்திருக்கிறீர்கள். எண்ணெயும் மஞ்சளும் சேர்ந்து வழுக்கியது. இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். பத்திரிகையை எடுத்துப் படித்தேன், மலையோடு சேர்ந்த செங்கல்வராயன் ஆசியுடன் என்று அச்சடித்திருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அப்புறம் வந்த வழியே ஏறி, உச்சியில் விடியும்வரை இருந்துவிட்டு, இந்தப் பக்கம் இறங்கினேன்.

சத்தியத்தை மீறிவிட்டேன், திட்டு. ஆனால் அவள் என் குரலைக் கேட்டுவிட்டாள். இனி மறைக்க என்ன இருக்கிறது? என்ன ஆயிற்று என்று எழுது. வா என்று ஒரு சொல் எழுது. ஓடிப்போனவன் என்று ஊர் காறித் துப்பினாலும் துடைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன். கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.

உன்
செங்கல்வராயன்


கீழ்ப்பட்டு
29-1-2025

மலை நைனாவுக்கு,

இப்படி எழுதுவதற்காக வருத்தப்படாதீர்கள். ஹரிதா நைனா என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், வரவில்லை.

என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் குரல் பாறையில் பட்டு மலை முழுக்கப் பேசினதுபோல வந்தது. சுதீரின் அம்மா அப்படியே மண்ணில் விழுந்தாள். என் அண்ணன் கையில் இருந்த தேங்காயைப் போட்டுவிட்டு, "மச்சான், மன்னிச்சுடு மச்சான்" என்று கதறிக்கொண்டு ஓடினார். அவர் பின்னாலேயே எல்லோரும் ஓடினார்கள். மறுநாள் முனியப்பன் உச்சிக்குப் போய், வார் அறுந்து தேய்ந்த செருப்பைத் தலைமேல் வைத்து எடுத்துவந்தான். புதுசில் ஒரு ஜோடி குறைகிறது என்றான். ஊரே கூடிவிட்டது. சத்தியவேட்டில் இருந்து ஆட்டோ கட்டிக்கொண்டு வருகிறார்கள். கல்லுக்கு மேல் கூரை போடப் பேச்சு நடக்கிறது.

ஒரே ஒருத்தர்கூட நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களோ என்று சந்தேகப்படவில்லை. நானும் காத்திருந்து பார்த்தேன். யாராவது ஒருவர் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுகூட இருந்தேன். கேட்கவில்லை.

ஹரிதா ஓடவில்லை. கல்லடியிலேயே நின்றாள். நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து என் மடியில் தலை வைத்துக்கொண்டு சொன்னாள்: "அம்மா, அது நைனா கொரலு தான். இன்னாம்மான்னு கேட்டாரு பாரு. நம்மள வுட்டுட்டுப் போவலம்மா. அங்கியே கீறாரு." இத்தனை வருஷத்தில் என் முகத்தைப் பார்க்காமல் அவள் அதைச் சொன்னது அன்றுதான். சொன்னதும் தூங்கிப்போனாள். இப்போது சரியாகச் சாப்பிடுகிறாள், சிரிக்கிறாள், சுதீரோடு போனில் பேசும்போதெல்லாம் எங்க நைனா எங்க நைனா என்கிறாள். நான் எத்தனை வருஷம் பொய் சொல்லியும் எடுக்க முடியாத முள்ளை நீங்கள் ஒரு சொல்லில் எடுத்துவிட்டீர்கள். நீங்கள் இப்போது வந்து வாசலில் நின்றால் அவளுக்கு அப்பா கிடைக்கமாட்டார். இருக்கிற அப்பாவும் போய்விடுவார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாறைக்குப் பின்னால் இருப்பது நீங்கள் என்று எனக்குத் தெரியும். நான்தான் வரச் சொன்னேன். உங்கள் குரலும் எனக்குத் தெரியும். ஆனால் அது கேட்டதும் என் இரண்டு கையும் தானாகக் குவிந்தன. பிரிக்க நினைத்தேன், முடியவில்லை. நீங்கள் உயிரோடு இருப்பதற்கு இந்த ஊரில் நான் ஒருத்திதான் சாட்சி என்று எழுதியிருந்தீர்கள். அன்றோடு அந்தச் சாட்சியும் போய்விட்டது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றப் போனபோது முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லை. எதிரில்தான் இருந்தீர்கள்.

இனிமேல் கடிதம் போடவேண்டாம். வந்தாலும் நான் வாங்கமாட்டேன்.

ஆனால் கல்யாணம் முடிந்த மறுநாள் பெண்ணும் மாப்பிள்ளையும் கல்லடிக்கு வருவார்கள். வாயைத் திறக்காதீர்கள் என்று அன்றைக்குச் சத்தியம் வாங்கினேன். இப்போது மாற்றிக் கேட்கிறேன். ஹரிதா கூப்பிடுவாள். பதில் வரும் என்று நம்பிக் கூப்பிடுவாள், வராவிட்டால் தாங்கமாட்டாள். பிறகு வளைகாப்புக்கு வருவாள், பிள்ளைக்குப் பேர் வைக்க வருவாள். தேதியை மட்டும் நான் எழுதி அனுப்புகிறேன். கால் ஓடுகிற வரைக்கும் ஏறி வாருங்கள். செருப்பு மரத்தில் எப்போதும் இருக்கும்படி நான் பார்த்துக்கொள்கிறேன். மூன்றாவது தடவை கூப்பிட்டதும் இன்னாம்மா என்று மட்டும் சொல்லுங்கள். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசினாலும் நீங்கள்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

அலர்மேல்மங்கை